கார்டீனியா வளர்ப்பு

கார்டீனியா என்பது காப்பிக் குடும்பத்தைச் (ரூபியேசியே) சேர்ந்த, மணமிக்க வெண்ணிறப் பூக்களைத் தரும் பசுமைமாறாப் புதர்ச்செடி ஆகும். இதன் அறிவியற் பெயர் கார்டீனியா ஜாஸ்மினாய்டிஸ். சீனாவின் தென்பகுதி, தைவான், ஜப்பான், வியட்நாம் முதலிய இடங்களைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, இன்று வெப்ப மண்டல, மிதவெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் அழகுச் செடியாக வளர்க்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் இது எளிதாக வளர்கின்றது. சமவெளிகளிலோ, நாற்றுப்பண்ணையில் மொட்டுகளுடன் வாங்கிய செடி சில மாதங்களில் இலை மஞ்சளாகி அழிந்துபோவது வழக்கம். இதற்கு வெயில் மட்டும் காரணமன்று. நாள்தோறும் ஊற்றப்படும் கிணற்று நீரின் காரத்தன்மையே பெரும்பாலும் அடிப்படைக் காரணமாகும். வீட்டில் கார்டீனியா வளர்க்கும் முறையை, விழுப்புரம் மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

பெயர்

இப்பேரினத்துக்குக் கார்டீனியா என்னும் பெயரை 1761 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஜான் எல்லிஸ் வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்து, வட அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் மருத்துவராக விளங்கிய அலெக்சாண்டர் கார்டன் (1730 - 1791) என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. ஜாஸ்மினாய்டிஸ் என்பதற்கு மல்லிகை போன்றது என்பது பொருள். எனினும் மல்லிகைக்கும் இதற்கும் உறவு இல்லை. மல்லிகை ஒலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததாகத் தவறாகக் கருதப்பட்டதால் ஆங்கிலத்தில் இது "கேப் மல்லிகை" எனவும் வழங்கப்படுகின்றது.

இந்தியிலும் வங்காளத்திலும் இது கந்தராஜ் எனவும், மலையாளத்தில் கந்தராஜன் எனவும் அழைக்கப்படுகின்றது. மணத்தின் அரசன் என்பது இதன் பொருள். தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் கார்டீனியா என்னும் பெயரே பெருவழக்கு.

செடியின் அமைப்பு

இச்செடி பொதுவாக 1 முதல் 2.5 மீட்டர் உயரம் வரை வளரும். தொட்டியில் வளர்ப்பவை ஒரு மீட்டருக்குள் நிற்கும். இலைகள் தடித்தும், கரும்பச்சை நிறத்துடன் பளபளப்பாகவும் இருக்கும். அவை தண்டில் எதிரெதிராகவோ மும்மூன்றாகவோ அமைந்திருக்கும். பூக்கள் 5 முதல் 8 செ.மீ. அகலம் கொண்டவை. மலரும்போது தூய வெள்ளையாக இருந்து, ஓரிரு நாட்களில் பாலாடை நிறமாகவும் பின்னர் மஞ்சளாகவும் மாறும்.

இயற்கை வகையில் பெரும்பாலும் ஆறு இதழ்கள் ஓரடுக்காக இருக்கும். தோட்டங்களில் விரும்பப்படுவது பல அடுக்கு இதழ்கள் கொண்ட வகையாகும். ஓரடுக்கு வகையில் விளிம்புகள் புடைத்த, ஆரஞ்சு நிறக் காய்கள் உருவாகும். அடுக்குப் பூ வகை பொதுவாகக் காய்ப்பதில்லை. தரையோடு படர்ந்து வளரும் குட்டை வகையும் உண்டு. சிறிய தொட்டிகளுக்கு இது ஏற்றது.

நந்தியாவட்டையுடன் குழப்பம்

வெண்ணிறப் பூ, பளபளப்பான இலை ஆகியவற்றால் கார்டீனியாவும் நந்தியாவட்டையும் ஒன்றாகக் கருதப்படுவது உண்டு. குறிப்பாக அடுக்கு நந்தியாவட்டை சில இடங்களில் கார்டீனியா என விற்கப்படுகின்றது. நந்தியாவட்டை வேறு குடும்பத்தைச் (அப்போசைனேசியே) சேர்ந்தது. இரண்டையும் பின்வருமாறு வேறுபடுத்தி அறியலாம்.

- நந்தியாவட்டையின் இலையைக் கிள்ளினால் வெண்பால் வடியும். கார்டீனியாவில் பால் இல்லை.
- கார்டீனியா பூ முதிரும்போது மஞ்சளாக மாறும். நந்தியாவட்டை பெரும்பாலும் வெள்ளையாகவே வாடும்.
- ஒற்றை நந்தியாவட்டையின் இதழ்கள் காற்றாடி போல ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும்.

இவ்வேறுபாட்டை அறிவது வளர்ப்புக்கும் தேவையானது. நந்தியாவட்டை ஏறக்குறைய எல்லா மண்ணிலும் எல்லா நீரிலும் வளரக்கூடியது. அதனை வளர்த்த பட்டறிவைக் கொண்டு கார்டீனியாவை வளர்க்க இயலாது. வளர்ப்பு முறையில் கார்டீனியாவுக்கு நெருங்கிய செடி, அதே குடும்பத்தைச் சேர்ந்த இட்லிப்பூ (வெட்சி) ஆகும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் இட்லிப்பூவின் தளிர்களும் இதே போல மஞ்சளாவதைக் காணலாம்.

இந்தியக் கார்டீனியா இனங்கள்

இந்தியாவின் வறண்ட காடுகளில் கார்டீனியா கம்மிபெரா, கார்டீனியா ரெசினிபெரா, கார்டீனியா லாட்டிபோலியா ஆகிய இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. முதல் இரண்டின் மொட்டுகளிலிருந்தும் தளிர்களிலிருந்தும் கசியும் மஞ்சள் நிறப் பிசின், டிக்காமாலி என்னும் பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றது. இவை வறட்சியைத் தாங்குபவை. நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும் சீனக் கார்டீனியாவுக்கு அத்தாங்குதிறன் இல்லை.

மண்ணின் காடித்தன்மை

கார்டீனியா காடித்தன்மை கொண்ட மண்ணை விரும்புவது. மண்ணின் பி.எச். எண் 5 முதல் 6.5 வரை இருத்தல் வேண்டும். (பி.எச். 7 நடுநிலை ஆகும். அதற்குக் கீழே காடித்தன்மையும் மேலே காரத்தன்மையும் உள்ளன.) நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளில் இச்செடி செழிப்பதற்குக் குளிர்ச்சியுடன் அங்குள்ள மண்ணின் காடித்தன்மையும் காரணமாகும்.

பி.எச். 7-க்கு மேல் செல்லும்போது மண்ணிலுள்ள இரும்புச்சத்து கரையாத நிலையை அடைகின்றது. பி.எச். ஓரலகு உயர, மண்ணீரில் கரைந்துள்ள பெர்ரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது. இரும்பு இன்றிப் பச்சையம் உருவாகாது. எனவே இரும்பு மிகுந்த செம்மண்ணிலேயே நின்றாலும் செடி இரும்புக் குறைபாட்டால் வாடும். செம்மண்ணின் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவதுதான். ஆனால் அந்த இரும்பு வேருக்குக் கிடைக்கும் நிலையில் இருப்பதில்லை.

நீரின் காரத்தன்மை

கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்துள்ளன. பாத்திரங்களின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இவற்றால் உண்டாவதே. நீரின் பி.எச். எண்ணை விட, இந்தப் பைகார்பனேட்டின் மொத்த அளவே தொட்டி மண்ணை மாற்றுகின்றது. ஆய்வறிக்கைகளில் இது மொத்தக் காரத்தன்மை எனக் குறிக்கப்படும்.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருத்தல் ஏற்புடையது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகின்றது. ஆகவே மனிதர் குடிப்பதற்குத் தகுந்த நீரும் கார்டீனியாவுக்குத் தகாததாக இருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக, காரத்தன்மை 250 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு தொட்டிக்கு ஊற்றுவதாகக் கொள்வோம். ஓராண்டில் ஏறத்தாழ 90 கிராம் சுண்ணாம்புக்கல்லை அத்தொட்டியில் இட்டதற்கு அது நிகராகும். நீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பின் பெரும்பகுதி தங்கிவிடும். நல்ல காடித்தன்மையுள்ள கலவையில் நட்ட செடியும் முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து, பின்னர் மஞ்சளாவதன் காரணம் இதுவே.

விழுப்புரம் மாவட்டச் சூழல்

விழுப்புரத்துக்கும் திருக்கோவிலூருக்கும் இடைப்பட்ட முகையூர் வட்டாரம், வடக்கே திண்டிவனம், செஞ்சி ஆகியவை கடினப்பாறைகள் மிகுந்த சமவெளிப் பகுதிகள். இங்கு வீடுகள் பெரிதும் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சார்ந்துள்ளன. மாவட்டத்தின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1000 மி.மீ. ஆகும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கின்றது. மே மாதக் கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும்.

இரும்பு கிடைக்காமையால் இலை மஞ்சளாவது இப்பகுதி உழவர்களுக்குப் புதியதன்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட நிலக்கடலை வகைகள் டி.எம்.வி. என்னும் முன்னெழுத்துகளால் அறியப்படுகின்றன. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் தளிரிலைகள் வெளிறும்போது அன்னபேதிக் (பெரஸ் சல்பேட்) கரைசல் தெளிக்கப்படுகின்றது. கார்டீனியாவில் காணப்படுவதும் இதே குறைபாடே. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் உள்ளது. மண், நீர் ஆய்வு பற்றி அங்கு கேட்டறியலாம்.

மழைநீர்

மழைநீரில் பைகார்பனேட் மிகக் குறைவு. எனவே கார்டீனியாவுக்கு மிகச் சிறந்த நீர் மழைநீரே ஆகும். தமிழ்நாட்டில் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் அந்நீர் நிலத்துக்குள் விடப்படுகின்றது. அதில் ஒரு பகுதியைச் செடிக்கெனத் தனியே பிடித்து வைக்கலாம்.

10 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், இழப்பு போக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் எனக் கொண்டால், 200 லிட்டர் பீப்பாய் ஒன்று ஆறு மாதங்களுக்கு மேல் போதுமானது. கோடையில் தேவை இரட்டிப்பாகும். ஆதலால் ஒரு செடிக்கு இரண்டு பீப்பாய்கள் இருப்பது நல்லது. முதல் மழையின் தூசு நீரை வெளியேற்றிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசுக்கள் தேங்கிய நன்னீரில் முட்டையிடுவதால், பீப்பாயை மெல்லிய வலையாலும் மூடியாலும் இறுக மூடுதல் இன்றியமையாதது.

பிற நீர் வகைகள்

- குளிர்சாதனக் கருவியிலிருந்து வடியும் நீர்: காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவதால் இதில் உப்பு மிகக் குறைவு. மழைநீருக்கு அடுத்து இதனைப் பயன்படுத்தலாம்.
- ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீர்: ஏற்றது. ஆனால் அக்கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்புகள் செறிந்திருக்கும். அதனைக் கார்டீனியாவுக்கு ஊற்றுதல் கூடாது.
- உப்பு இட்டு மென்மையாக்கிய நீர்: கால்சியத்துக்கு மாற்றாகச் சோடியம் சேர்ந்திருக்கும், பைகார்பனேட்டு நீங்குவதில்லை. ஏற்றதன்று.
- சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு) கலந்த கிணற்று நீர்: 10 லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி அளவில் தொடங்கி, பி.எச். தாளால் சோதித்து, ஏறத்தாழ 6 வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைச் சிதைக்கும்போது காரத்தன்மை ஓரளவு திரும்பிவிடும். ஆகவே இது மழைநீர் தீர்ந்த காலத்துக்கான தற்காலிக வழி மட்டுமே.

தொட்டியும் மண் கலவையும்

30 செ.மீ. அகலமுள்ள மண் தொட்டி அல்லது நெகிழித் தொட்டி ஏற்றது. சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு எனக் கலக்கலாம். களிமண் கலந்த கரிசல் மண்ணும், சுக்கான் கல் கலந்த மண்ணும் ஏற்றவையல்ல.

வீடுகளில் செடிகளுக்கு இடப்படும் அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் காரத்தன்மை கொண்டவை. வேறு பல செடிகளுக்கு நன்மை தருபவையாயினும் கார்டீனியாவுக்கு இவற்றை இடக்கூடாது. நிலத்தில் நடும்போது, கட்டடச் சிதைவும் சிமெண்டுப் பூச்சும் கலந்த சுவரோர மண்ணைத் தவிர்க்க வேண்டும்.

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. விரலால் தொட்டு, மேல்மண் 2 செ.மீ. ஆழம் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியைச் செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்து, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழையில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்துவதே பாதுகாப்பு.

வெளிச்சமும் வெப்பமும்

நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை வெயிலும், நண்பகலுக்குப் பின் நிழலும் உள்ள கிழக்குப் பக்கம் சிறந்தது. முழு நிழலில் செடி வளரும், பூக்காது. ஏப்ரல் முதல் சூன் வரை பச்சை நிழல் வலைக்கு அடியிலோ மரநிழலிலோ வைக்க வேண்டும். மொட்டை மாடித் தளத்தின் வெப்பம் வேர்களைத் தாக்கும். ஆதலால் தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்கக் கூடாது.

மொட்டு உருவாக இரவு வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருத்தல் சிறந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் மார்கழி, தை மாத இரவுகளே இதற்கு ஓரளவு நெருங்கி வருகின்றன. எனவே இம்மாதங்களில் செடியை இடம் மாற்றாமலும் வெட்டாமலும் விடுவது, அடுத்து வரும் பூப்புக்கு உதவும். மலைப்பகுதிகளில் பூப்பது போலச் சமவெளியில் நீண்ட காலம் பூக்கும் என எதிர்பார்க்க இயலாது.

உரம்

அம்மோனியம் சல்பேட் மண்ணின் காடித்தன்மையைக் கூட்டும் உரமாகும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, ஈரமான மண்ணில் ஊற்றலாம். மக்கிய சாண எருவோ மண்புழு உரமோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சிறிதளவு போதுமானது. கடுங்கோடையில் உரமிடுதல் கூடாது.

இலை மஞ்சளாதல்

மஞ்சளாகும் இலை செடியின் எப்பகுதியில் உள்ளது என்பதைக் கொண்டு காரணத்தை அறியலாம்.

- தளிரிலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருத்தல்: இரும்புக் குறைபாடு. மண்ணும் நீரும் காரமாகிவிட்டதன் அறிகுறி.
- முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாதல்: மக்னீசியக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்புக் கரைசலைத் தெளிக்கலாம்.
- முதிர்ந்த இலைகள் முழுதும் சீராக வெளிறுதல்: தழைச்சத்துக் குறைபாடு.
- ஈரமண்ணிலும் இலைகள் தொய்ந்து மஞ்சளாதல்: நீர் தேங்கியதால் வேரழுகல்.
- அடியில் ஓரிரு முதிர்ந்த இலைகள் மட்டும் உதிர்தல்: இயல்பானது.

இரும்புக் குறைபாட்டுக்கு, ஒரு லிட்டர் மழைநீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைகளில் தெளிப்பது வழக்கம். இளஞ்செடிகளுக்கு இதில் பாதி அளவே போதும். ஓரிரு இலைகளில் சோதித்த பின் முழுச்செடிக்கும் தெளித்தல் நன்று. அன்னபேதி தரையிலும் சுவரிலும் துருக்கறையை உண்டாக்கும். அன்னபேதியைக் காரமண்ணில் இட்டால் அதுவும் விரைவில் கரையாத நிலையை அடையும். காரமண்ணிலும் செயற்படும் இரும்பு உரம் இரும்பு இ.டி.டி.எச்.ஏ. ஆகும். இரும்பு இ.டி.டி.ஏ. ஏறத்தாழ பி.எச். 6.5 வரை மட்டுமே பயன்படும். எதனை இட்டாலும் நீரை மாற்றாதவரை குறைபாடு மீண்டும் தோன்றும்.

மொட்டு உதிர்தல்

மொட்டுகள் விரியாமல் உதிர்வது இச்செடி வளர்ப்போரின் பொதுவான குறையாகும். இடமாற்றம், மண் ஒருமுறை காய்ந்து மறுமுறை மிகுதியாக நனைதல், வறண்ட காற்று, இரவு வெப்பம், இலைப்பேன் தாக்குதல் ஆகியவை காரணங்களாகும். நாற்றுப்பண்ணையிலிருந்து மொட்டுடன் வந்த செடி முதல் சில வாரங்களில் மொட்டுகளை உதிர்ப்பது இயல்பு. அது நோயன்று. மொட்டு குறைவாகவும் தளிர் மிகுதியாகவும் உள்ள இளஞ்செடியை மழைக்காலத் தொடக்கத்தில் வாங்குவது சிறந்தது.

கவாத்து

பூத்து முடிந்தவுடன் கிளை நுனிகளைக் கவாத்துச் செய்ய வேண்டும். காலம் தாழ்த்தினால் அடுத்த பருவத்துக்கான மொட்டுகளும் சேர்ந்து வெட்டப்பட்டுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கலவைக்கு மாற்றுவது, தேங்கிய சுண்ணாம்பை நீக்கவும் உதவும்.

இனப்பெருக்கம்

பாதி முதிர்ந்த கிளை நுனிகளில் 10 முதல் 12 செ.மீ. நீளத் துண்டுகளை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலும் நார்க்கழிவும் கலந்த ஊடகத்தில் நட வேண்டும். வேர் ஊக்கித் தூள் பயன்படுத்தலாம். ஒளிபுகும் நெகிழிப்பையால் மூடி நிழலில் வைத்தால் நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர்விடும். மழைக்காலம் இதற்கு ஏற்றது. விண்பதியம் மூலமாகவும் புதிய செடிகளைப் பெறலாம்.

பூச்சிகளும் நோய்களும்

மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி ஆகியவை சாற்றை உறிஞ்சும். இவை சுரக்கும் இனிப்பு நீர்மத்தின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலைகள் கறுக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிதளவு சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனையுமாறு மாலையில் தெளிக்க வேண்டும். கோடையில் சிலந்திப்பேன் தோன்றும். இலைகளின் அடிப்பக்கத்தை நீரால் கழுவுவது இதனைக் குறைக்கும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய செடி நீர் ஊற்றியும் வாடும். அத்தகைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது.

பயன்பாடு

பூவின் இதழ்கள் கைபட்ட இடத்தில் பழுப்பாகிவிடும். இதனால் மல்லிகை, முல்லை போலச் சரமாகத் தொடுப்பதற்கு இது ஏற்றதன்று. தனிப்பூவாகத் தலையில் சூடவும், கிண்ணத்து நீரில் மிதக்கவிடவும் பயன்படுகின்றது. சீன மருத்துவத்தில் இதன் காய் சி-சி என்னும் பெயரில் பயன்படுத்தப்படுகின்றது. காயிலுள்ள குரோசின் என்னும் மஞ்சள் நிறமி, குங்குமப்பூவுக்கு நிறம் தருவதும் ஆகும். ஜப்பானில் இக்காயைக் கொண்டு உணவுப் பண்டங்களுக்கு மஞ்சள் நிறம் ஏற்றப்படுகின்றது.

இப்பேரினத்தின் மற்றோர் இனமான கார்டீனியா தைத்தென்சிஸ் பிரெஞ்சு பொலினீசியாவில் தியாரே எனப்படுகின்றது. அதன் பூக்களைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மோனோயி என்னும் மணவெண்ணெய் தயாரிக்கப்படுகின்றது.

எச்சரிக்கை

கார்டீனியாவை உண்ணும் நாய், பூனை ஆகியவற்றுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். அன்னபேதி, அம்மோனியம் சல்பேட் ஆகியவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய கலன்களில் வைத்தல் வேண்டும்.